தன்னை ஆளத் தெரிந்த மருத்துவர்

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேரும் மாணவர்கள் 2019 முதல் உடற்கூறியல், உடலியங்கியல் புத்தகங்களோடு இன்னொரு பாடத்தையும் படிக்கிறார்கள். மனப்பாங்கு, நெறிமுறை, உரையாடல் ஆகிய மூன்றையும் சேர்த்து இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-ல் வகுத்த பாடம் அது. கல்லூரிகளில் ‘ஏட்காம்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். படிப்புக் காலம் முழுக்கப் பரவியிருக்கும் 27 அலகுகள் அதில் உண்டு. மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்ற இரண்டு கேள்விகளோடு முதலாண்டு தொடங்குகிறது. டிசெக்‌ஷன் ஹாலின் மேசையில் கிடத்தப்பட்டிருக்கும் உடலே நம் முதல் ஆசிரியர் என்கிறது ஓர் அலகு. கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்த பின்னும் பாடம் நிலைத்திருக்கிறது. நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் நாட்டில், பரிவையும் பாடமாக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்காற்று அமைப்பு எண்ணியதே பெரிய நகர்வு. அதை மனமாரப் பாராட்டிய பிறகே அதன் குறையைப் பேச வேண்டும்.

பரிவை நோயாளியின் முன் காட்ட வேண்டிய ஒன்றாக மட்டுமே நம் வகுப்பறைகள் பெரும்பாலும் நடத்துகின்றன என்பதுதான் அந்தக் குறை. கண்ணைப் பார்த்துப் பேசு, பெயரைச் சொல்லிக் கூப்பிடு, கெட்ட செய்தியை உட்கார்ந்து சொல், குறுக்கே பேசாதே. எல்லாமே சரியான அறிவுரைகள்தான். ஆனால், இரவு டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் மறுநாள் ஓ.பி.யிலும் உட்கார்ந்திருக்கும் ஓர் இளம் மருத்துவருக்கு, நான்காவது முறையாக அதே கேள்வியைக் கேட்கும் உறவினர்மீது பொங்கிவரும் எரிச்சலை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது, அது தன் முடிவை எப்படி வளைக்கிறது, வளைக்காமல் தடுக்க என்ன வழி என்பவை தற்செயலாகக் கைவந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. தன் உணர்வை அறிவது, பிறர் உணர்வை அறிவது, உடன் உழைப்பவரை மதித்துப் பாராட்டுவது ஆகிய மூன்றும் ஒன்றன்மீது ஒன்றாக எழுபவை. அடித்தளமான முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கற்பித்தால் நமக்குக் கிடைப்பது நல்ல நடிப்பு. மருத்துவக் கல்வி தன்னை ஆளுதலில் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த விடுபடலுக்கு நீண்ட வரலாறு உண்டு. நவீன மருத்துவக் கல்வியின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் வில்லியம் ஆஸ்லர், 1889-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து விடைபெறும்போது ஆற்றிய உரையில், எந்தச் சூழலிலும் கலங்காத முகத்தையும் மனத்தையும் மருத்துவரின் தலையாய குணமாக முன்வைத்தார். குருதி பீறிடும்போது அறுவை மருத்துவரின் கை நடுங்கக் கூடாது என்ற அளவில் அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், தலைமுறைகள் செல்லச்செல்ல, கலங்காதிருத்தல் உணராதிருத்தலாகத் திரிந்தது. சமூகவியலாளர் ரெனீ ஃபாக்ஸும் மனநல மருத்துவர் ஹெரால்டு லீஃபும் 1963-ல் எழுதிய கட்டுரை, மருத்துவ மாணவர்கள் விலகி நின்று அக்கறை காட்டப் படிப்படியாகப் பழக்கப்படுவதை விவரித்தது. பிணக்கூறாய்வு அறையில் தொடங்கும் அந்தப் பழக்கத்தில் விலகல் எளிதாகப் படிந்துவிடுகிறது, அக்கறை பின்தங்கிவிடுகிறது. இந்தக் கொள்கையை 2001-ல் ஒரு முழு நூலில் கேள்விக்குள்ளாக்கினார் மனநல மருத்துவரும் மெய்யியலாளருமான ஜோடி ஹால்பெர்ன். உணர்வை அணைத்துவிட்டால் தீர்ப்பு கூர்மையாகும் என்பது நிரூபிக்கப்படாத நம்பிக்கை, நோயாளியைப் புரிந்துகொள்ள உணர்வும் ஒரு கருவி என்பது அவர் வாதம்.

அணைத்துவிட்டதாக நாம் நினைக்கும் உணர்வு உண்மையில் அணைவதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளில், பயிற்சி மருத்துவர்களுக்கு எழுத்து வடிவில் சில நோயாளிகளின் விவரங்கள் கொடுக்கப்பட்டன. நோய்க்குறிகள் அனைத்தும் ஒன்றே. ஆனால், சிலருக்குக் கிடைத்த தாளில் நோயாளி அமைதியானவர். வேறு சிலரின் தாளில் அவர் சண்டைக்காரர், மருத்துவரின் திறமையையே சந்தேகிப்பவர். சண்டைக்கார நோயாளியைப் படித்தவர்கள் நோயைக் கண்டறிவதில் அதிகம் தவறினார்கள். பின்னர் நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னபோது, நோய்க்குறிகளைக் குறைவாகவும் அவருடைய நடத்தையை அதிகமாகவும் நினைவில் வைத்திருந்தார்கள். மூளையின் கவனம் எங்கே செலவாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. தாளில் எழுதப்பட்ட ஒரு கற்பனை மனிதர் இந்த அளவுக்குத் தடுமாறச் செய்வார் என்றால், எதிரில் நின்று மேசையைத் தட்டும் மனிதர் என்ன செய்வார்? அந்த மருத்துவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதைக் கவனிக்காதவர்கள், அவ்வளவுதான்.

மாஸசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மனநல மருத்துவர் ஜேம்ஸ் க்ரோவ்ஸ் 1978-லேயே இதைத் துணிந்து எழுதினார். சில நோயாளிகள்மீது மருத்துவருக்கு வெறுப்பு வருவது இயல்பு, அதை மறைப்பதில்தான் ஆபத்து, அந்த வெறுப்பே நோயாளியைப் பற்றிய ஒரு தகவல் என்றார். உணர்வுக்குப் பெயர் சூட்டுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு ஒரு பகுதி விடை தருகிறது. முகப்படங்களில் தெரியும் உணர்வைச் சொல்லால் குறிக்கும்போது, அச்சத்தோடும் எச்சரிக்கையோடும் தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் செயல்பாடு தணிந்தது. ஆய்வுக்கூடத்தில் படத்தைப் பார்ப்பதும் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நிற்பதும் ஒன்றல்ல. என்றாலும், ‘எனக்கு இப்போது எரிச்சல் வந்திருக்கிறது, இந்த நோயாளியை இன்னொரு முறை முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டும்’ என்று ஒருவர் தனக்குள் சொல்லிக்கொள்ள முடிவது பெரிய தற்காப்பு. அது அவருக்கும் நோயாளிக்கும் சேர்த்துத் தற்காப்பு.

பரிவினால் நோய் குணமாகுமா என்று கேட்பவர்களுக்கு நீரிழிவு நல்ல எடுத்துக்காட்டு. ஃபிலடெல்ஃபியாவில் முகமதரேசா ஹோஜத் தலைமையிலான குழு 29 குடும்ப மருத்துவர்களையும் அவர்களிடம் சிகிச்சை பெற்ற 891 நீரிழிவு நோயாளிகளையும் ஆராய்ந்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டது. பரிவு அளவுகோலில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மருத்துவர்களின் நோயாளிகளில் 56 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் நோயாளிகளில் அது 40 விழுக்காடு. அடுத்த ஆண்டு இத்தாலியின் பார்மா மாகாணத்தில் ஏறத்தாழ 21,000 நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்விலும், பரிவு மிகுந்த மருத்துவர்களிடம் இருந்தவர்களுக்குத் திடீர்ச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். பரிவுதான் காரணம் என்று அவற்றை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், வழி புரியாத புதிரும் அல்ல. நீரிழிவுக்கு மருந்தைவிடப் பெரிய சிகிச்சை நோயாளியின் அன்றாட ஒத்துழைப்பு. சோற்றைக் குறைக்க முடியவில்லை, மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லும் துணிவு, திட்டு விழாது என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரையை வீட்டு வாசல் வரை கொண்டுபோகிறது. வாசலிலிருந்து வாய்க்குப் போகும் மிச்சத் தூரம் நம்பிக்கையால்தான் கடக்கப்படுகிறது.

அப்படியென்றால் படிக்கப் படிக்கப் பரிவு வளர வேண்டும் அல்லவா? அதே ஹோஜத் குழு ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களை ஆண்டுதோறும் அளந்து 2009-ல் வெளியிட்ட முடிவு கவலை தருவது. முதல் இரண்டு ஆண்டுகள் பரிவின் அளவு மாறவில்லை. மூன்றாம் ஆண்டின் முடிவில் சரிந்தது, பட்டம் பெறும்வரை மீளவில்லை. மூன்றாம் ஆண்டு என்பது அமெரிக்க மாணவர்கள் வகுப்பறையை விட்டு முழுநேரமும் வார்டுக்குள் நுழையும் ஆண்டு. மாணவர் தாமே நிரப்பும் வினாத்தாளை வைத்து இவ்வளவு சொல்லலாமா, சரிவு மிகைப்படுத்தப்படுகிறது என்று அடுத்த ஆண்டே மறுப்பும் வந்தது. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆயினும், எதை நோக்கிப் பார்வையைத் திருப்ப வேண்டும் என்பதில் ஐயமில்லை. பாடநூலில் அச்சாகாத பாடம் வார்டு ரவுண்ட்ஸில் நடக்கிறது. நோயாளியின் பெயர் பெட் நம்பராகிவிடுகிறது. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டி பற்றி அவர் அங்கே இல்லாததுபோல் பேசப்படுகிறது. கேஸ் ஷீட்டில் ஒரு பரிசோதனை முடிவை ஒட்ட மறந்த பட்டமேற்படிப்பு மாணவர் எல்லார் முன்னிலும் அவமானப்படுத்தப்படுகிறார். ஏட்காம் வகுப்பு ஒரு மணி நேரத்தில் சொல்லித்தந்ததை இந்தக் காலை நேரம் அழித்து எழுதுகிறது. மாணவர் மூடர் அல்லர். எது உண்மையில் மதிக்கப்படுகிறது என்பதை அவர் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

இங்கே எழும் முதல் மறுப்பு நேரத்தைப் பற்றியது. மிக வலுவான மறுப்பு என்பதால் சற்று நின்று பேச வேண்டும். 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-ல் வெளியான ஆய்வின்படி, ஆரம்ப நிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியா இரண்டு நிமிட அளவில் நிற்கிறது. இந்த இரண்டு நிமிடத்தில் பரிவுக்கு எங்கே இடம் என்று ஓ.பி.யில் வியர்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர் கேட்டால், அவருக்கு உபதேசம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வேறு சில எண்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் பெக்மனும் ஃப்ராங்கெலும் 1984-ல் கண்டது: நோயாளி பேசத் தொடங்கிய 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், குறுக்கிடாமல் கேளுங்கள் என்று மருத்துவர்களிடம் சொல்லிவிட்டு 335 நோயாளிகளின் பேச்சை அளந்தார்கள். அந்த ஆய்வு 2002-ல் வெளியானது. சராசரியாக 92 விநாடிகளில் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். மருத்துவர்கள் அஞ்சுவதுபோல் யாரும் கதை கதையாக அளக்கவில்லை. 1999-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், புற்றுநோய் மருத்துவர் சிகிச்சையை விளக்கும் காணொளியின் இரண்டு வடிவங்களைப் பெண்களுக்குக் காட்டினார்கள். ஒன்றில் மட்டும் ஆறுதலும் உடனிருப்பேன் என்ற உறுதியும் 40 விநாடிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்தவர்களின் பதற்றம் குறைவாக இருந்தது.

இரண்டு நிமிடத்தில் 92 விநாடி போனால் மீதி என்ன என்று கணக்குப் போடலாம். சரியான கணக்குதான். நோயாளிகள் குவியும் ஓ.பி.யில் ஒவ்வொருவரையும் முழுக்கப் பேசவிட முடியாது. அங்கே தேவை கூடுதல் மருத்துவர்களும் கூடுதல் அறைகளும். அதை அரசிடம் கேட்பதை நிறுத்தவே கூடாது. ஆனால், 40 விநாடிக்கும் வழியில்லாத நாள்களில்கூட ஒரு மருத்துவரின் கையில் மிஞ்சும் ஒன்று உண்டு. அடுத்த நோயாளி உள்ளே வரும்போது முந்தைய நோயாளியின்மீது வந்த கோபத்தைச் சுமந்துகொண்டிருக்கிறோமா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்வது. இதற்கு நேரம் தேவையில்லை, பயிற்சி தேவை. பயிற்சி வகுப்பறையில் கிடைக்காவிட்டால், அவசரத்தின் நடுவில் கிடைக்கப்போவதில்லை.

இரண்டாவது மறுப்பு, பரிவு பிறவிக் குணம், கற்பித்து வராது என்பது. வளர்ப்பும் இயல்பும் ஆளுக்கு ஆள் வேறுபடுவது உண்மை. ஆனால், ஹெலன் ரீஸ் பாஸ்டனில் நடத்தி 2012-ல் வெளியிட்ட பரிசோதனையில், பயிற்சி மருத்துவர்கள் இரு குழுக்களாகக் குலுக்கலில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு மணி நேர வகுப்புகள் மூன்று நடந்தன. நோயாளியின் முகக்குறிகளைப் படிப்பது, தன் உடலில் எழும் பதற்றத்தைக் கவனிப்பது, கடினமான உரையாடலில் தன்னை நிதானப்படுத்துவது ஆகியவை பாடம். யார் பயிற்சி பெற்றவர் என்று தெரியாத நோயாளிகளே மதிப்பெண் போட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் முன்னேறினார்கள். மூன்று மணி நேரத்தில் ஒருவர் மகானாகிவிட மாட்டார். கற்பிக்க முடியும் என்பதற்கு மட்டும் இது சான்று. அதேபோல், ஒருமுறை கற்பித்துக் கைகழுவினால் கரைந்துவிடும் என்பதற்கும் சான்று உண்டு. ஜெஃபர்சன் மாணவர்களுக்குத் திரைக்காட்சிகளை வைத்து நடத்திய பயிற்சியின் பலனைப் பின்னர் ஒரு தொடர் வகுப்புதான் தாங்கிப் பிடித்தது. தையல் போடுவதும் அப்படித்தானே? ஒருமுறை காட்டிவிட்டு, இனி வாழ்நாள் முழுக்கத் தைத்துக்கொள் என்று எந்த அறுவைப் பேராசிரியரும் சொல்வதில்லை.

இன்னொரு கவலை நேர்மையானது. எல்லார் வலியையும் தன் வலியாக உணர்ந்தால் மருத்துவர் உடைந்துபோக மாட்டாரா? உளவியலாளர் பால் ப்ளூம் 2016-ல் ஒத்துணர்வுக்கு எதிராகவே ஒரு நூல் எழுதினார். அருகில் இருப்பவரின், அழகாக இருப்பவரின், நம்மைப் போன்றவரின் வலிக்கே நம் மனம் இளகுகிறது, அதை நம்பி முடிவெடுப்பது அநீதியில் முடியும் என்பது அவர் வாதம். நம் வார்டுகளில் இது கண்கூடு. ஆங்கிலம் பேசும் நோயாளிக்கு விளக்கம் கூடுதலாகக் கிடைப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். உளவியல் ஆய்வாளர்கள் டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் நடத்திய ஆய்வுகள் இதற்கு ஒரு வழி காட்டுகின்றன. பிறர் துன்பத்தில் மூழ்கி அதையே உணரப் பயிற்சி பெற்றவர்களுக்கு எதிர்மறை உணர்வு கூடியது. பின்னர், அவருக்கு நல்லது நடக்க வேண்டும், அதற்கு நான் உதவ வேண்டும் என்ற கனிவைப் பயிற்றுவித்தபோது அது இறங்கி நல்லுணர்வு ஏறியது. நோயாளியின் அழுகையைக் கண்டு தானும் அழும் மருத்துவர் தன் துயரத்திலேயே சிக்கிக்கொள்கிறார். அழுகையைக் கண்டும் அதில் கரையாமல், அடுத்து என்ன செய்யலாம் என்று நிற்பவரே நோயாளிக்குப் பயன்படுகிறார். தன் உணர்வு எது, அவர் உணர்வு எது என்று பிரித்தறியாமல் அந்த நிலை வராது. ப்ளூமின் எச்சரிக்கை, தன்னை அறியும் பயிற்சி ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்கான காரணமாகவே எனக்குப் படுகிறது.

பாராட்டு பற்றிப் பேசினால் பலர் அதை இனிப்பு வழங்கும் விழாவாக நினைக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை செவிலியர் தினத்தில் ரோஜாப்பூ கொடுத்தால் கடமை முடிந்ததாகிவிடுகிறது. இஸ்ரேலில் ஆரியே ரிஸ்கின் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இந்த நினைப்பை உடைக்கப் போதுமானது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவர்-செவிலியர் குழுக்கள், குடல் திசு அழியும் நோயால் திடீரென நிலை மோசமாகும் குறைப்பிரசவக் குழந்தைக்குச் சிகிச்சை அளிக்கும் ஒத்திகையில் பங்கேற்றன. பார்வையிட வந்ததாகச் சொல்லப்பட்ட வெளிநாட்டு வல்லுநர் சில குழுக்களிடம் அவர்களுடைய மருத்துவத் தரத்தைப் பற்றி இழிவாகப் பேசினார், மற்றவர்களிடம் பொதுவாகப் பேசினார். இழிவாகப் பேசப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் தெளிவாகப் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்ததே முக்கியக் காரணம். 2019-ல் அதே வழியில் நன்றியை வைத்துச் சோதித்தபோது, குறைப்பிரசவக் குழந்தை ஒன்றின் தாய் சொன்ன நன்றி குழுவின் தகவல் பகிர்வைக் கூட்டியது, அதன் வழியே செயல்திறனும் உயர்ந்தது.

இதன் பொருளை நம் வார்டில் வைத்துப் பாருங்கள். இரவில் நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் செவிலியர். டியூட்டி டாக்டரை எழுப்பினால் சீறுவார் என்று அவர் பத்து நிமிடம் தயங்கினால், அந்தப் பத்து நிமிடத்தின் விலையை நோயாளி கொடுக்கிறார். கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று சிஸ்டர் என்று போன முறை ஒரு சொல் சொல்லப்பட்டிருந்தால் தயக்கம் இருந்திருக்காது. ஆக, பாராட்டு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக, நோயாளியின் அருகிலிருந்து பணி செய்பவரையும் மருத்துவருக்குச் சமமாக நிறுத்துகிறது. நம் மருத்துவமனைகளின் படிநிலை அந்த நான்காமவரை இன்னும் அந்த இடத்தில் வைக்கவில்லை. என்ன செய்ததற்காக என்று குறிப்பிட்டுச் சொல்லப்படும் பாராட்டு மட்டுமே பாராட்டு. அதற்கு அவர் என்ன செய்தார் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான மறுப்பு ஒன்று மீதி இருக்கிறது. அமைப்பு செய்யும் கொடுமையைத் தனிமனிதரின் தலையில் கட்டுவதற்கான நாகரிகமான வழிதான் இந்தத் தன்னை ஆளுதல் பேச்சு என்பது அது. மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கை 2024-ல் வந்தது. இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் எம்.பி.பி.எஸ். மாணவர்களில் சுமார் 16 விழுக்காடு, பட்டமேற்படிப்பு மாணவர்களில் சுமார் 31 விழுக்காடு. தாமே முன்வந்து பதில் அளித்தவர்களின் கணக்கு இது என்றாலும், எந்தச் சமூகமும் தூக்கம் இழக்க வேண்டிய எண்கள் இவை. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 74 மணி நேரம் என்பதே ஒரு சீர்திருத்தமாகப் பரிந்துரைக்கப்படும் இடத்தில், மூச்சைக் கவனி, மனத்தை அடக்கு என்று மாணவருக்கு மட்டும் வகுப்பெடுப்பது அநியாயம். மறுப்பவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன்.

ஆனால், அந்த நியாயத்தை ஏற்ற பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. அமைப்பு என்பது யார்? டியூட்டி பட்டியலைப் போடுபவர், ரவுண்ட்ஸில் குரலை உயர்த்துபவர், உடம்பு சரியில்லை என்று சொல்லும் மாணவரைப் பார்த்து நாங்கள் எல்லாம் இதைவிடக் கஷ்டப்பட்டோம் என்பவர், எல்லாருமே மனிதர்கள். தம் இளமையில் பட்ட அவமானத்தைப் பெயர் சொல்லி அறியாத சீஃப், அதையே ஒழுக்கம் என்று அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறார். தன்னை ஆளும் பயிற்சி அதிகம் தேவைப்படுவது அதிகாரம் அதிகம் உள்ளவருக்கு. அந்தப் பயிற்சியை முதலாண்டு மாணவரோடு நிறுத்திவிட்டால் மறுப்பவர்களின் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். துறைத் தலைவரில் தொடங்கினால், பணி நேரத்தைப் பற்றிய பேச்சும் தானாகவே மேசைக்கு வரும். இன்று என்னால் முடியாது, தவறு செய்துவிடுவேன் என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் சொல்வதும் தன்னை ஆளுதலே. அதைச் சொன்னால் தண்டனை இல்லை என்ற நிலையை உருவாக்குவது மேலிருப்பவரின் பொறுப்பு.

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர், நோயாளி ஒருவரின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். எந்தக் குறையும் எந்தத் துயரமும் அதை நியாயப்படுத்தாது. மருத்துவர்கள் பாதுகாப்புக் கேட்டுப் போராடியது முழுக்க நியாயம். மருத்துவப் பணியாளர்கள்மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே உண்டு, அது கறாராக அமலாக வேண்டும். பரிவுப் பயிற்சி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று யாராவது சொன்னால் அது குத்துப்பட்டவர்மீதே பழி போடும் பேச்சு, அதை நான் சொல்ல மாட்டேன். சொல்ல விரும்புவது அன்றாடத்தைப் பற்றி. கத்திவரை போகாத கசப்பு ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் நாள்தோறும் சேர்கிறது. அமெரிக்காவில் வெண்டி லெவின்சன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் தொடுத்த வழக்கைச் சந்திக்காத பொது மருத்துவர்கள் சந்தித்தவர்களைவிடச் சராசரியாக மூன்று நிமிடம் கூடுதலாக நோயாளியோடு இருந்தார்கள். முதலில் இதைப் பார்க்கிறேன், பிறகு உங்கள் கேள்விக்கு வருகிறேன் என்று அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னார்கள், கூடுதலாகச் சிரித்தார்கள். அறுவை மருத்துவர்களிடையே இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காவலரை நிறுத்துவதும் கதவில் ஸ்கேனர் வைப்பதும் அவசியம். காத்திருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாத அந்த நீண்ட பிற்பகலை எந்த ஸ்கேனரும் கண்டுபிடிக்காது.

செய்ய வேண்டியவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் மைக்கேல் பாலின்ட் 1950-களில் பொது மருத்துவர்களைச் சிறு வட்டமாக உட்காரவைத்தார். ஒருவர் தம்மை வாட்டும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார். நோயைப் பற்றி அல்ல, அந்த நோயாளி தமக்குள் எழுப்பும் உணர்வைப் பற்றி. பல நாடுகளில் அந்தக் குழுக்கள் இன்றும் கூடுகின்றன. நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்த பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ், தம்மைக் கவனித்த செவிலியர்களும் மருத்துவர்களும் காட்டிய சிறுசிறு கனிவுகளைப் பற்றி இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு எழுதினார். அவர் பெயரிலான மையம் தொடங்கிய ‘ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்’ கூட்டங்களில் பேராசிரியர், செவிலியர், வார்டு உதவியாளர் எல்லாரும் ஒரே அறையில் அமர்ந்து, ஒரு நோயாளியைக் கவனித்தது தங்களை என்ன செய்தது என்று பேசுகிறார்கள். பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவமனைகளிலும் 2009 முதல் இது நடக்கிறது. மாதம் ஒரு மணி நேரமும் ஓர் அறையும் போதும். தமிழ்நாட்டின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இறப்புகளை ஆய்வு செய்யும் கூட்டம் நடக்கிற அதே கருத்தரங்கக் கூடத்தில் இதையும் நடத்தலாம்.

நடத்துவதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: முதலில் பேச வேண்டியவர் துறைத் தலைவர். தம்மால் காப்பாற்ற முடியாமல்போன ஒருவரைப் பற்றி அவர் மாணவர் முன்னிலையில் மனம் திறக்காத கூட்டத்தில் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். ஏட்காம் மதிப்பீட்டையும் அவரிடமிருந்தே தொடங்கலாம். பேராசிரியர் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணும் தேசிய மருத்துவ ஆணையம், அவரிடம் பயிற்சி பெற்ற பட்டமேற்படிப்பு மாணவர்களும் அவரோடு பணிபுரிந்த செவிலியர்களும் பெயர் குறிப்பிடாமல் தரும் மதிப்பீட்டையும் கோப்பில் சேர்க்கட்டும். மாணவரின் பரிவுக்கு மதிப்பெண் போடும் ஒருவருக்கு, அதே அளவுகோலில் எத்தனை மதிப்பெண் என்பது அந்தக் கோப்பில் இருக்கட்டும்.